ரிப்போர்ட்டில் 'டிஸ்பிளாசியா'ன்னு இருந்தா கேன்சரா? ஒரு சொல்லின் அர்த்தமும், அதை நம்பி விடப்பட்ட பெண்களின் கதையும்

குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியம்மா மகள், ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறார். விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறினால், வீடு திரும்ப இருட்டிவிடும். வேலை நேரத்தில் அவரிடம் இருந்து போன் வந்ததே கிடையாது. போன மாதம் ஒருநாள் மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஒரு லேப் ரிப்போர்ட். அதற்குக் கீழே ஒரு வாய்ஸ் நோட்: "தம்பி, நீ பேப்பர்லதானே வேலை செய்யுற. இது கேன்சரா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருந்தது இதுதான்: 'மைல்டு டிஸ்பிளாசியா – சிஐஎன் 1'. அதற்கு மேல் விளக்கம் எதுவும் இல்லை. ஒரு முகாமில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்து, சந்தேகம் என்று சொல்லி, பிறகு வேறொரு இடத்தில் துளி சதை எடுத்து அனுப்பி வந்த முடிவு அது. டாக்டரைப் பார்க்க இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளுக்குள் அக்கா கூகுளில் தேடி, பக்கத்து வீட்டில் கேட்டு, "கர்ப்பப்பையையே எடுத்துட்டா நல்லதாம்" என்பது வரை வந்துவிட்டார்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தேடிப் படிக்க முடியும், படித்ததைப் புற்றுநோய் மருத்துவம் தெரிந்தவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள முடியும். அப்படித் தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. முதலில் அக்காவுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: இது கேன்சர் இல்லை. ஆனா டாக்டரைப் பார்க்காம விடக்கூடாத விஷயம்.

சரி, டிஸ்பிளாசியான்னா என்ன?

கிரேக்க மொழியில் இருந்து வந்த சொல். 'டிஸ்' என்றால் கெட்ட, கோணலான, சிரமமான. எழுத்து படிக்கச் சிரமப்படுவதை டிஸ்லெக்சியா என்கிறோமே, அதே டிஸ். 'பிளாசிஸ்' என்றால் வார்ப்பு, உருவாக்கம். களிமண்ணையோ மெழுகையோ கையால் பிசைந்து உருவம் கொடுப்பதற்கான கிரேக்க வினைச்சொல்லில் இருந்து வந்தது. பிளாஸ்டிக், பிளாஸ்டர், பிளாஸ்டிக் சர்ஜரி எல்லாம் இதே குடும்பம்தான்.

ஆக, டிஸ்பிளாசியா என்றால் 'கோணலாக வனையப்பட்டது'. அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குள் கட்டி என்றோ, பரவுதல் என்றோ, மரணம் என்றோ எதுவும் இல்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகங்களில் செல்லுக்கு 'கலம்' என்று பெயர், திசுவுக்கு 'இழையம்'. நம்மூர் புத்தகத்தில் 'திசு' என்று படித்த எனக்கு அந்த இரண்டு சொல்லும் ரொம்பப் பிடித்துப்போனது. கலம் என்றால் பாத்திரம், பானை. சக்கரத்தில் வனையும்போது கை தப்பினால் பானை கோணும். அதுதான் டிஸ்பிளாசியா. 'இழையம்' இன்னும் நெருக்கம். ஆங்கிலத்தின் டிஷ்யூ என்ற சொல்லே 'நெய்தது' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு சொல்லில் இருந்து வந்ததுதான். திசுக்களைப் படிக்கும் ஹிஸ்டாலஜி என்ற துறையின் பெயரில் இருக்கும் 'ஹிஸ்டோஸ்' கிரேக்கத்தில் தறியையும், தறியில் நெய்த துணியையும் குறிக்கும்.

கைத்தறி லுங்கிக்குப் பேர் போன குடியாத்தத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. தறியில் ஒரு இடத்தில் இழை தப்பினால் என்ன ஆகும்? துணி துணியாகத்தான் இருக்கும், ஆனால் அந்த இடத்தில் வரிசை கலைந்திருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பேத்தாலஜிஸ்ட் பார்ப்பதும் அதைத்தான். செல்லின் நடுவில் இருக்கும் உட்கரு வழக்கத்தைவிடப் பெருசா, கருப்பா, கோணல்மாணலா இருக்கும். அடியில் சின்ன செல், மேலே போகப்போகத் தட்டையான செல் என்று அடுக்கடுக்காக இருக்க வேண்டிய வரிசை குழம்பியிருக்கும்.

1, 2, 3 என்ற எண் எதைச் சொல்லுது?

கர்ப்பப்பை வாயை மூடியிருக்கும் தோல் போன்ற படலம் பல அடுக்குகளால் ஆனது. அதன் அடியில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். அதை அந்தத் துணியின் கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை கலைந்த செல்கள் அடியில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும் இருந்தால் சிஐஎன் 1. அதாவது மைல்டு. மூன்றில் இரண்டு பங்கு வரை இருந்தால் சிஐஎன் 2, மாடரேட். அதற்கும் மேலே போய் முழு தடிமனையும் பிடித்துவிட்டால் சிஐஎன் 3, சிவியர். இந்த மூன்றிலுமே கரை தாண்டவில்லை. அடிச்சவ்வை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கினால் மட்டும்தான் அதற்குப் பெயர் புற்றுநோய்.

கேன்சர் ஸ்டேஜ் 1, 2, 3 என்று சினிமாவில் கேட்டுப் பழகிய நமக்கு இங்கேதான் குழப்பம் வருகிறது. அக்காவும் 'சிஐஎன் 1' என்பதை 'கேன்சர் ஸ்டேஜ் 1' என்றுதான் படித்திருக்கிறார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ரிப்போர்ட் எழுதுபவர்கள் ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதினால் எத்தனையோ பேர் அன்று இரவு தூங்குவார்கள். எழுத மாட்டேன் என்கிறார்கள்.

சில ரிப்போர்ட்டில் டிஸ்பிளாசியா என்றே இருக்காது, 'எல்.எஸ்.ஐ.எல்', 'எச்.எஸ்.ஐ.எல்' என்று இருக்கும். பாப் ஸ்மியர் போன்ற செல் பரிசோதனைகளில் இந்தப் பெயர்கள்தான் வரும். முதலாவது லேசான மாற்றம், இரண்டாவது தீவிரமான மாற்றம். 1988-ல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கூடிய நிபுணர்கள் வகுத்த முறை இது. ஒரே விஷயத்துக்கு ஏன் இத்தனை பெயர் என்று கேட்டால், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பெயர் வைத்தவர்கள்

ஜார்ஜ் பாபநிகோலாவ் கிரேக்கத்தில் 1883-ல் பிறந்து அமெரிக்காவுக்குப் போன டாக்டர். பாப் ஸ்மியர் என்ற பெயரில் இருக்கும் 'பாப்' இவர்தான். அவருடைய ஆய்வுக்காக மனைவி ஆண்ட்ரோமகி வருடக்கணக்கில் தன் உடலில் இருந்தே மாதிரி கொடுத்திருக்கிறார். பரிசோதனையில் கணவர் பெயர் பாதி ஒட்டிக்கொண்டது. மனைவியின் பெயர் எங்கேயும் இல்லை. 1941-ல் ஹெர்பர்ட் டிராட் என்பவருடன் சேர்ந்து பாபநிகோலாவ் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், உதிர்ந்த செல்லைப் பார்த்தே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்பதை மருத்துவ உலகம் நம்ப ஆரம்பித்தது.

அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சில செல்கள் நார்மலும் இல்லை, கேன்சரும் இல்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது? 1953-ல் ஜேம்ஸ் ரீகனும் அவருடைய சகாக்களும் இந்த நடுநிலைக்கு டிஸ்பிளாசியா என்ற சொல்லைக் கர்ப்பப்பை வாய்க்குப் பயன்படுத்தினார்கள். ஆனால் 'டிஸ்பிளாசியா வேறு, கேன்சருக்கு முந்தைய நிலை வேறு' என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. டிஸ்பிளாசியா என்றால் விட்டுப் பார்க்கலாம். அதற்கு அடுத்த நிலை என்றால் கர்ப்பப்பையை எடு. இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது பேத்தாலஜிஸ்டின் கண்.

1960-களின் கடைசியில் ரால்ஃப் ரிச்சர்ட் என்ற அமெரிக்க டாக்டர், இது இரண்டு நோய் இல்லை, ஒரே பாதையின் வெவ்வேறு இடம் என்று சொல்லி சிஐஎன் 1, 2, 3 என்ற முறையைக் கொண்டுவந்தார். பெயர் விஷயத்துக்கு இவ்வளவு சண்டையா என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பெயரை நம்பித்தான் யாருக்கு சிகிச்சை, யாரைச் சும்மா விடுவது என்று முடிவு செய்தார்கள்.

டெல்லியில் நடந்தது

இது நம் நாட்டுக் கதை. பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத கதையும்கூட.

1976-ல் தொடங்கி 1988 வரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் டெல்லி ஆய்வு நிறுவனம் ஒன்று, கர்ப்பப்பை வாயில் டிஸ்பிளாசியா இருந்த 1,158 பெண்களைத் தொடர்ந்து கவனித்து வந்தது. கவனித்தது மட்டும்தான். எத்தனை பேருக்குத் தானாகச் சரியாகிறது, எத்தனை பேருக்குப் புற்றுநோயாக முற்றுகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வின் நோக்கம். 71 பெண்களுக்குப் புற்றுநோய் வந்தது. அதில் 9 பேருக்கு உள்ளே ஊடுருவும் நிலை வரைக்கும் போய்விட்டது.

1997-ல் இந்த விவரம் வெளியே வந்தபோது, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வரை செய்தியானது. உங்களுக்கு இருப்பது கேன்சராக மாறலாம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை, எழுத்துபூர்வமாகச் சம்மதமும் வாங்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். அந்தக் காலத்தில் எழுத்துபூர்வ சம்மதம் கட்டாயம் இல்லை என்றார்கள். மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்கான விரிவான நெறிமுறைகளை ஆராய்ச்சிக் கழகம் 2000-ல் வெளியிட்டது.

இந்த மாதிரி நடந்தது இந்தியாவில் மட்டும் இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மகப்பேறு டாக்டர், சிஐஎன் 3 நிலை புற்றுநோயாக மாறாது என்று உறுதியாக நம்பினார். 1966-ல் இருந்து பல பெண்களுக்கு முழு சிகிச்சை கொடுக்காமல் வெறுமனே கவனித்து வந்தார். சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரண்டு பெண்கள் 1987-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இதை அம்பலப்படுத்தினார்கள். நீதி விசாரணை நடந்தது. பிறகு 2008-ல் அந்தப் பெண்களின் மருத்துவப் பதிவுகளை முழுதாக எடுத்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு இது: சரியான சிகிச்சை கிடைக்காதவர்களில் 30 வருடத்தில் சுமார் 31 சதவீதம் பேருக்குப் புற்றுநோய். சரியான சிகிச்சை கிடைத்தவர்களில் 0.7 சதவீதம்.

இந்த இரண்டு எண்ணையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அக்காவுக்கு மறுபடி போன் போட்டேன். 'கேன்சர் இல்ல, பயப்படாதே' என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால், நானும் அந்த டாக்டர் செய்ததைத்தான் செய்திருப்பேன்.

அப்போ மைல்டுன்னா விட்டுடலாமா?

நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1993-ல் வெளியான ஒரு கணக்கு இன்னும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன்படி சிஐஎன் 1 இருக்கும் 100 பெண்களில் சுமார் 57 பேருக்கு எந்த சிகிச்சையும் இல்லாமல் தானாகச் சரியாகிவிடுகிறது. 11 பேருக்கு சிஐஎன் 3 வரை முற்றுகிறது. புற்றுநோய் வரை போவது ஒருவருக்கு. சிஐஎன் 3 என்றால் நிலைமை வேறு: தானாகச் சரியாவது 32 பேருக்குத்தான், புற்றுநோய் வரை போவது 12 பேருக்கு மேல்.

அதனால்தான் சிஐஎன் 1 என்றால் பெரும்பாலும் டாக்டர்கள் 'வருஷம் கழிச்சு திரும்பப் பார்க்கலாம்' என்கிறார்கள். சிஐஎன் 2, 3 என்றால் அந்த இடத்தை மட்டும் குளிரால் உறைய வைத்தோ, சூட்டால் பொசுக்கியோ, மின்சாரக் கம்பி வளையத்தால் சின்னதாகச் செதுக்கி எடுத்தோ சரிசெய்கிறார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். மைல்டு டிஸ்பிளாசியாவுக்காகக் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், தயவுசெய்து இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டில் சொன்னாலும் சரி, பெரிய போர்டு போட்ட இடத்தில் சொன்னாலும் சரி.

'யாரால வந்துச்சு?'

இதைக் கேட்காத குடும்பம் இல்லை. கர்ப்பப்பை வாய் டிஸ்பிளாசியாவுக்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதுமே எச்.பி.வி என்ற வைரஸ். இதைக் கண்டுபிடித்ததற்காக ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவு மூலம் தொற்றக்கூடியது என்பதால் ரிப்போர்ட்டில் எச்.பி.வி என்று பார்த்ததும் சந்தேகம், சண்டை ஆரம்பித்துவிடுகிறது. தாம்பத்தியம் நடத்தும் ஆண், பெண் பெரும்பாலானோருக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது இந்த வைரஸ் தொற்றும். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் தங்கும். எப்போது வந்தது, யாரிடம் இருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. தொற்றில் இருந்து புற்றுநோய் வரை போக, நல்ல எதிர்ப்பு சக்தி இருப்பவர்களுக்கு 15 முதல் 20 வருடம் ஆகலாம். அதனால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் கூண்டில் ஏற்றாதீர்கள்.

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இதற்கு இன்னொரு கேள்வியும் வரும்: 'தோல் கம்பெனி கெமிக்கலாலயா?' நியாயமான சந்தேகம்தான். பாலாற்றை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு அந்தத் தண்ணீர் பற்றி யாரும் புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, தோல் தூசியையும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தையும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஆனால் தோல் தூசியால் வருவது மூக்குக்குள் வரும் புற்றுநோய். அந்தக் குரோமியத்தால் வருவது முக்கியமாக நுரையீரல் புற்றுநோய். கர்ப்பப்பை வாய்க்கும் அதற்கும் முடிச்சு போட முடியாது. தோல் பதனிடுவதில் வழக்கமாகப் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் குரோமியம்; அது அந்தப் பிரிவில் இல்லை. கம்பெனி மீது கோபப்பட நூறு காரணம் இருக்கலாம். இந்த ரிப்போர்ட் அதில் சேராது.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை: வாய்க்குள்ளும் டிஸ்பிளாசியா வரும். புகையிலை, பான், ஹான்ஸ் அடக்கும் இடத்தில் தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ இருந்தால் அதைக் காட்டியே ஆகணும். அங்கேயும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இதே சொல், இதே மைல்டு, மாடரேட், சிவியர்.

இன்னொரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். குழந்தையின் ஸ்கேனில் 'ஹிப் டிஸ்பிளாசியா' என்று இருந்தால் அதற்கும் கேன்சருக்கும் துளிகூடச் சம்பந்தம் இல்லை. இடுப்பு மூட்டின் கிண்ணம் சரியாக வனையப்படவில்லை என்று அர்த்தம். அதே கிரேக்கக் களிமண்தான், பானை வேறு.

திண்டுக்கல்லில் நடந்தது

டெல்லியின் கதையைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையில் இருக்கும் ஒரு கிறிஸ்தவ மருத்துவ மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், பிரான்ஸில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. பாப் ஸ்மியருக்கு லேப் வேண்டும், படிக்கப் பேத்தாலஜிஸ்ட் வேண்டும். கிராமத்தில் அதற்கு எங்கே போவது? அதனால் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். வரிசை கலைந்த செல்கள் இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக மாறும். பயிற்சி பெற்ற நர்ஸே பார்த்துச் சொல்லிவிடலாம். இதற்குப் பெயர் விஐஏ.

30 முதல் 59 வயதுக்குட்பட்ட 49,311 பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். வந்தவர்கள் 31,343 பேர். வெள்ளைத் திட்டு தெரிந்தவர்களுக்கு முடிந்தவரை அதே நாளில், அதே இடத்தில் அடுத்த பரிசோதனை. தேவைப்பட்டால் நர்ஸே குளிர் சிகிச்சையும் கொடுத்தார். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த கிராமங்களில் மற்ற கிராமங்களைவிடக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்படும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. ஒப்பிடுவதற்காக விடப்பட்ட கிராமத்துப் பெண்களுக்கு ஏன் பரிசோதனை கொடுக்கவில்லை என்ற விமர்சனமும் பிற்பாடு வந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது அந்த 'அதே நாளில்' என்ற விஷயம்தான். வினிகர் மலிவு என்பதைவிட, கூலிக்குப் போகும் பெண்ணை நாலு தடவை அலைய விடவில்லை என்பதுதான் அங்கே வேலை செய்திருக்கிறது.

வேலூர் பக்கம் இப்போ என்ன நிலைமை?

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாட்டிலேயே முன்னணியில் இருக்கிறோம் என்று மார்தட்டிக்கொள்ளலாம். இந்திய சராசரி 1.9 சதவீதம்தான். ஆனால் பத்தில் ஒருவர்கூட இல்லை என்பதும் அதே எண்தான். 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரே வருடத்தில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வருகிறது. சுமார் 80 ஆயிரம் பேர் இறக்கிறார்கள்.

தமிழக அரசு 2023 நவம்பரில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கும் வீடு தேடி அழைப்புக் கொடுத்துப் பரிசோதிக்கும் திட்டத்தை ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நாலு மாவட்டங்களில் முதலில் தொடங்கியது. 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போய்விட்டன. குடியாத்தம் வேலூரிலேயே இருக்கிறது. ஆகவே அக்கா தைக்கும் ஷூ முதல் நாலு மாவட்டத்துக்குள் இருந்தது, அக்கா தூங்கும் வீடு வெளியே இருந்தது. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி தடுப்பூசி இலவசமாகப் போட 2025–26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அது அக்கா மகளுக்குப் பயன்படும், அக்காவுக்குப் பரிசோதனைதான்.

இத்தனைக்கும் குடியாத்தத்துக்கு மருத்துவம் புதுசு இல்லை. வேலூர் சி.எம்.சி-யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே குடியாத்தத்தில் ஒரு மருந்தகம் வைத்து வாரம்தோறும் வந்து போனார். வழியெல்லாம் நோயாளிகள் காத்திருக்க ஆரம்பித்து, அதுவே 'ரோட்சைடு' என்ற நடமாடும் மருத்துவமாக வளர்ந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் டாக்டர் ரோட்டுக்கு வந்தார். இப்போது அதே ரோட்டில் கம்பெனி பஸ் போகிறது. அதில் இருக்கும் பெண்கள் டாக்டரிடம் போக லீவு கேட்க வேண்டியிருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் விஐஏ பரிசோதனை இலவசம். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி 30 வயதில் இருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளணும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ-யில் இருந்தால் சிகிச்சைச் செலவும் அதில் வரும். பணம் ஓரளவுக்குப் பிரச்சினை இல்லை. நாள்தான் பிரச்சினை. முகாமுக்கு ஒரு நாள், பயாப்ஸிக்கு ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள், டாக்டரைப் பார்க்க ஒரு நாள். அக்காவுக்கு இதுவரை நாலு நாள் சம்பளம் போய்விட்டது. அவர் லைனில் வேலை பார்க்கும் இன்னும் இரண்டு பேருக்கு அதே முகாமில் 'திரும்ப வாங்க' என்று சொன்னார்களாம். அவர்கள் போகவில்லை.

அக்கா நாலாவது நாள் டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் இருந்து போன் செய்தார். ஆபரேஷன் ஒன்றும் வேண்டாம், மாத்திரைகூட இல்லை, 12 மாதம் கழித்து மறுபடி பரிசோதனை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "ஒரு வருஷம் கழிச்சுன்னா நான் மறந்துடுவேன்டா"ன்னு சொன்னார். என் போன் காலண்டரில் தேதி போட்டு, அக்கா போனிலும் ரிமைண்டர் வைக்கச் சொன்னேன். அந்தத் தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. "ஞாயித்துக்கிழமை வர மாதிரி மாத்தி வைக்க முடியாதா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை புறநோயாளி பிரிவு இருக்காது.

அந்த இரண்டு பேரிடமும் இந்தக் கட்டுரையின் லிங்க்கை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.